அகதிகள்னா முதல்ல கைதட்டு, அப்புறம் கல்லடி: மாறுறது மக்களா, மாத்துறது அரசாங்கமா?

தூத்தல்_மழை:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்குற கேள்வி இது, இங்க வெளிநாட்டுல இருக்குறவங்களும் இருக்கீங்க, அரசியல் நிறைய வாசிக்கிறவங்களும் இருக்கீங்க, அதான் கேக்குறேன்.

2015 செப்டம்பர்ல மியூனிக் ஸ்டேஷன்ல ரயில்லேர்ந்து இறங்குன சிரியாக்காரங்களுக்கு ஜனங்க வரிசையா நின்னு கைதட்டி குழந்தைங்க கையில பொம்மைய குடுத்து வரவேத்த வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க. "நம்மால முடியும்"னு அப்ப ஜெர்மனி சான்சலரா இருந்த மெர்க்கல் சொன்னது அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான். நாலே மாசத்துல கொலோன் ஊர்ல புத்தாண்டு ராத்திரி பொண்ணுங்க மேல கூட்டமா பாலியல் தாக்குதல் நடக்குது, பழி வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்க மேல விழுது, பேச்சே தலைகீழா மாறுது. 2017 தேர்தல்ல குடியேற்றத்த எதிர்க்குற தீவிர வலதுசாரி ஏஎஃப்டி கட்சி 12.6 சதவீதம் வாங்கி முதல் தடவையா ஜெர்மன் பார்லிமென்ட்டுக்குள்ள வருது, 2025ல 20.8 சதவீதம். சரி விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்ற மாதிரி இதுவும்னு விட்டுடலாம்னு பாத்தா, 2022ல உக்ரைன்லேர்ந்து லட்சக்கணக்குல வந்தப்ப அதே ஐரோப்பா மறுபடி கதவத் தொறந்துச்சே! அதுக்கு சில மாசம் முன்னாடிதான் போலந்து - பெலாரஸ் எல்லைக் காட்டுல ஈராக்கியர்களும் ஆப்கானியர்களும் குளிர்ல மாட்டிக்கிட்டு கிடந்தாங்க, அந்தப் பக்கம் போனாலும் அடி இந்தப் பக்கம் வந்தாலும் அடி.

இதுக்கு வெறும் நிறம், மதம்தான் காரணமா, இல்ல எண்ணிக்கையா, இல்ல வேற ஏதாவதா? இன்னொன்னு, அரசாங்கங்க எல்லாம் "மக்கள் கோவமா இருக்காங்க, அதனால சட்டத்த இறுக்குறோம்"னு சொல்றாங்களே, அது நிஜமாவே அந்த வரிசைலதான் நடக்குதா? எனக்கு என்னமோ சில நேரம் உல்டாவா நடக்குற மாதிரி தெரியுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க, கட்சிச் சண்டை மட்டும் வேணாம் ப்ளீஸ்.


நடுநிசி_வாசகன்:

உங்க சந்தேகம் சரிதான் தூத்தல், பெரும்பாலும் உல்டாதான்.

முதல்ல நிறம் மதம் விஷயம், அது இல்லவே இல்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2016ல சயன்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, 15 ஐரோப்பிய நாடுகள்ல 18,000 வாக்காளர்கள்கிட்ட கற்பனையா அகதிகளோட விவரத்தக் குடுத்து இதுல யார உள்ள விடுவீங்கன்னு கேட்டாங்க. முஸ்லிம்னு போட்ட உடனே வாய்ப்பு நல்லாவே குறைஞ்சுது. ஆனா அதே ஆய்வுல இன்னொன்னும் இருக்கு, கையில தொழில் இருக்குறவங்க, சித்திரவதைய அனுபவிச்சவங்க, சொல்ற விவரம் முன்னுக்குப் பின் முரணா இல்லாதவங்க, இவங்களுக்கெல்லாம் ஆதரவு கூடுது, இடதுசாரி வலதுசாரின்னு வித்தியாசம் இல்லாம கிட்டத்தட்ட எல்லா நாட்டுலயும் இதே மாதிரிதான். அதாவது ஜனங்க மனசுல வெறுப்பு மட்டும் உக்காந்திருக்கல, ஒரு கணக்கும் இருக்கு, இவன் நிஜமாவே கஷ்டத்துல வந்தவனா, நாளைக்கு சொந்தக் கால்ல நிப்பானான்னு.

இப்ப உக்ரைன்காரங்களுக்கு என்ன செஞ்சாங்கன்னு பாருங்க. 2001லயே ஐரோப்பிய யூனியன் தற்காலிகப் பாதுகாப்புச் சட்டம்னு ஒன்ன எழுதி பீரோவுல வெச்சிருந்துச்சு. சிரியா போர் நடக்குறப்ப அதத் தொடல. 2022 மார்ச் 4ம் தேதி முதல் தடவையா எடுத்தாங்க. தனித்தனியா விசாரணை கிடையாது, எந்த நாட்டுக்கு வேணாலும் போய்ப் பதிஞ்சுக்கலாம், உடனே வேலைக்குப் போலாம், பிள்ளைங்கள ஸ்கூல்ல சேக்கலாம், சொந்தக்காரங்க வீட்லயோ தெரிஞ்சவங்க வீட்லயோ தங்கிக்கலாம். 40 லட்சத்துக்கும் மேல இந்த ஏற்பாட்டுல வந்தாங்க, ஆனா ஒரு பெரிய முகாம் போட்டோ உங்களுக்கு ஞாபகத்துக்கு வருதா? வராது, ஏன்னா அவங்கள ஒரே எடத்துல அடைச்சு வெக்கல.

மத்தவங்களுக்கு என்ன நடக்குது? ஐரோப்பிய யூனியனோட டப்ளின் விதிப்படி முதல்ல கால் வெச்ச நாட்டுலதான் மனு, அதனால கிரீஸும் இத்தாலியும் நெரியுது, அங்கேர்ந்து தப்பிச்சு வடக்கே போனா திருப்பி அனுப்புற வழக்கு, இதுக்கு நடுவுல வருஷக்கணக்குல காத்திருப்பு. பிரிட்டன எடுத்துக்கோங்க, அடைக்கலம் கேட்டு மனு போட்டவர் வேலை செய்யக்கூடாது, 12 மாசம் தாண்டியும் முடிவு வரலன்னாதான் அனுமதி கேக்கவே முடியும், அதுவும் குறிப்பிட்ட வேலைகளுக்குத்தான். கைச்செலவுக்கு வாரம் 50 பவுண்ட் கூட கிடையாது, சாப்பாட்டோட ஹோட்டல்ல போட்டா அதுலயும் சொச்சம்தான். 2023 ஜூன்ல முதல் முடிவுக்கே காத்திருந்தவங்க 1 லட்சத்து 75 ஆயிரம் பேர். அவங்கள்ல ஆயிரக்கணக்கானவங்கள ஹோட்டல்ல வெச்சு அரசாங்கம் ஒரு நாளைக்கு சுமார் 80 லட்சம் பவுண்ட் செலவழிச்சுது. விருந்தாளிய நாற்காலியோட சேத்துக் கட்டிப்போட்டுட்டு "பாருங்க சும்மா உக்காந்தே திங்கிறான்"னு பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட குறை சொல்ற கததான் இது. வேலைய விட மாட்டேன்னது யாரு, மனுவ பாக்காம கெடப்புல போட்டது யாரு, சின்ன ஊர்ல இருக்குற ஒரே ஹோட்டல ஊர்க்காரங்கள கேக்காம எடுத்தது யாரு? எல்லாம் அரசாங்கம். கோவம் மட்டும் ஹோட்டலுக்குள்ள இருக்குறவன் மேல.

அதே பிரிட்டன்ல 2023 நடுவுல ஒரு வருஷக் கணக்குப்படி நிகரக் குடியேற்றம், அதாவது வந்தவங்கள்ல போனவங்களக் கழிச்சா வர்ற கணக்கு, 9 லட்சத்துக்கு மேல போச்சு. படகுல வந்தவங்க 2023ல 30,000க்கும் கீழ. அந்த 9 லட்சத்துக்கு விசா ஸ்டாம்ப் குத்துனதே அரசாங்கம்தான், ஸ்டூடன்ட் விசா, முதியோர் பராமரிப்பு வேலைக்கு விசா, உக்ரைன், ஹாங்காங். ஆனா பிரதமர் மேடைல எழுதி வெச்ச வாசகம் "படகுகள நிறுத்து". கண்ணுக்குத் தெரியுற 30,000 பேரக் காட்டுனா, தெரியாத 9 லட்சத்தப் பத்தி யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை. கடைசில ரெண்டையும் சேத்துக் கேட்டாங்க, ஆட்சி போச்சு, அது வேற.


சுள்ளுனு_சொல்வேன்:

நடுநிசி சார் நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா படிச்சா என்னமோ மக்கள் எல்லாம் அப்பாவி, அரசாங்கம் ஆட்டுவிக்குது இவங்க ஆடுறாங்கன்னு ஆயிடுது. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. எண்ணிக்கையும் ஒரு காரணம்தான், அதச் சொன்னா இனவாதின்னு முத்திரை குத்துறதாலதான் இந்த ஏஎஃப்டி மாதிரி கட்சிங்க வளருது.

கனடாவப் பாருங்க. உலகத்துலயே குடியேறிகள ஏத்துக்குற நாடுன்னு பேர் வாங்குன எடம். அங்க படகும் இல்ல ஹோட்டல் கலவரமும் இல்ல. ஆனா சில வருஷத்துக்குள்ள ஸ்டூடன்ட் விசா, தற்காலிக வேலை விசான்னு அள்ளி வுட்டாங்க, வாடகை எகிறுச்சு, டாக்டர பாக்க முடியல. 2024ல என்விரானிக்ஸ்ங்கற ஆய்வு நிறுவனம் எடுத்த கணிப்புல 58 சதவீதம் பேர் குடியேற்றம் அதிகமாயிருச்சுன்னு சொன்னாங்க. அவங்கள்ல எத்தன பேரு தானே குடியேறி வந்தவங்க! ட்ரூடோ அரசாங்கமே 2025க்கு நிரந்தர வசிப்புரிமை இலக்க 5 லட்சத்துலேர்ந்து 3 லட்சத்து 95 ஆயிரமா குறைச்சுது. இதுல ஒழுங்கு இருந்துச்சு, விசாவும் இருந்துச்சு, ஆனாலும் மக்கள் போதும்னாங்க. இத உங்க நாற்காலி கதைல எங்க வெப்பீங்க?

டென்மார்க்கயும் சொல்றேன். அங்க இடதுசாரி சோஷியல் டெமாக்ரட் கட்சியே 2019ல கடுமையான குடியேற்றக் கொள்கையோட நின்னு ஜெயிச்சுது. டேனிஷ் மக்கள் கட்சிங்குற எதிர்ப்புக் கட்சி 2015ல 21 சதவீதம் வாங்குனது 2019ல 8.7, 2022ல 2.6. மக்கள் கவலைய காது குடுத்துக் கேட்டா தீவிர வலதுசாரி தானா கரைஞ்சுரும்னு இதுலேர்ந்து தெரியுதா இல்லையா? போர்ல தப்பிச்சு வர்றவன விரட்டுன்னு நான் சொல்லல. அகதியும் நல்ல சம்பளம் தேடி வர்றவரும் ஒரே படகுல வர்றப்ப ரெண்டு பேரையும் பிரிச்சுப் பாக்க ஒரு அரசுக்கு உரிமை இருக்கு, 1951 ஜெனீவா ஒப்பந்தமே இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, சமூகக் குழு இந்தக் காரணங்களால துன்புறுத்தலுக்குப் பயந்தவங்களுக்குத்தான் எழுதுனது, வறுமை அந்த லிஸ்ட்ல இல்ல.


வடலி:

தம்பிமார் எல்லாரும் புள்ளிவிவரத்தோட கதைக்கிறியள், நான் எங்கட ஆக்கள்ட பக்கத்தால ஒண்டு சொல்லுறன்.

1986 ஓகஸ்ட்ல நியூபவுண்ட்லாந்துக் கடல்ல ரெண்டு லைஃப் போட்டில 155 தமிழ்ச் சனம் மிதந்து கொண்டு கிடந்தது, அங்கத்தை மீன்பிடிகாரர்தான் கண்டு தூக்கினவை. முதல் ரெண்டு மூண்டு நாள் முழுக் கனடாவும் ஐயோ பாவம் எண்டது. பிறகு இவை நேர சிலோன்ல இருந்து வரேல்லை, மேற்கு ஜேர்மனியில இருந்து கப்பலேறினவை எண்டு தெரிய வந்த உடன பேப்பர் முழுக்க பொய்யர் எண்டு எழுதத் தொடங்கிட்டினம். ஆனா அப்ப பிரதமரா இருந்த மல்றோனியின்ர அரசாங்கம் திருப்பி அனுப்பேல்லை, தங்கி வேலை செய்ய பெர்மிட் குடுத்தது. சனத்தின்ர கோவத்துக்கு ஏற்ற மாதிரி அரசாங்கம் ஆடத்தான் வேணும் எண்டு விதி ஒண்டும் இல்லை எண்டதுக்கு இதைத்தான் நான் சொல்லுவன். அதுக்கு முதல், 79 - 80ல வியட்நாம், கம்போடியா, லாவோஸ் ஆக்கள் 60,000 பேரை கனடா எடுத்தபோதும் கருத்துக்கணிப்பு அப்பிடி ஒண்டும் சாதகமா இருக்கேல்லை. எண்டாலும் எடுத்தவை, பாதிக்கு மேல தேவாலயங்களும் அஞ்சாறு குடும்பம் சேர்ந்த குழுக்களும் தாங்களே பொறுப்பெடுத்துக் கூப்பிட்டது. ஒரு குடும்பத்தை நீங்களே விமானநிலையத்தில போய்க் கூட்டிக்கொண்டு வந்து வீடு பாத்துக் குடுத்தால் அதுக்குப் பிறகு "அவங்கள்" எண்டு கதைக்க வாய் வராது பாருங்கோ. 86ல அகதிகளுக்கு உதவிறவைக்குக் குடுக்கிற நான்சன் விருதை ஐ.நா. கனடா நாட்டு மக்களுக்கே குடுத்தது இதுக்காகத்தான்.

ஆனா அடுத்த வருஷமே கதை மாறிச்சு. 87 யூலையில 174 பேர், கனபேர் சீக்கியர், நோவா ஸ்கோஷியாக் கரையில வந்து இறங்கினவுடன பார்லிமென்ட்டை அவசரமாக் கூட்டி சட்டத்தை இறுக்கினவை. ஒரு வருஷத்துக்குள்ள அதே அரசாங்கம், அதே பிரதமர்!

பிறகு 2010ல சன் சீ கப்பல், 492 தமிழர். இந்த முறை கப்பல் கரைக்கு வர முதலே மந்திரிமார் ஆட்கடத்தல், பயங்கரவாதம் எண்டு கதைச்சுப் போட்டினம். வந்த சனத்தை, பிள்ளைகளையும் சேத்து, மாசக்கணக்கில தடுப்பில வைச்சவை. 2012ல சட்டமே கொண்டு வந்தினம், இப்பிடிக் கூட்டமா வந்து இறங்கிற ஆக்களைக் கட்டாயத் தடுப்பில வைக்கலாம், அகதி எண்டு ஏற்றுக்கொண்டாலும் அஞ்சு வருஷத்துக்கு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கேலாது. 500 பேர் கூட இல்லை. கப்பல் வந்த 2010ல மட்டும் 2 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு கனடா நிரந்தர வதிவிடம் குடுத்தது. இதுக்கு சுள்ளுனு தம்பி எண்ணிக்கைக் கணக்குச் சொல்லேலாது.

இன்னுமொண்டையும் சொல்லோணும். அந்த நேரம் எங்கட ஆக்களுக்குள்ளயே எத்தினை பேர் "நாங்கள் ஒழுங்கா பிளேனில வந்தனாங்கள், இவை கப்பல்ல வந்து எங்கட பேரைக் கெடுக்கினம்" எண்டு கதைச்சவை தெரியுமோ? 80கள்ல ஆற்றயோ பாஸ்போட்டில தலையை மாத்தி வந்த ஆக்கள்தான் அப்பிடிக் கதைச்சது. வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லாதேங்கோ.

இந்தியாப் பக்கமும் அப்பிடித்தானே. 83க்குப் பிறகு ராமேஸ்வரத்தில வந்து இறங்கின சனத்துக்கு தமிழ்நாடு குடுத்த ஆதரவை எங்கட ஆக்கள் மறக்கேல்லை. 91 மே 21 ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு ஒரே நாளில எல்லாம் போச்சுது. வாடகைக்கு வீடில்லை, முகாமில கட்டுப்பாடு, பிள்ளையளின்ர படிப்புக்குத் தடை, 92ல திருப்பி அனுப்பத் தொடங்கிட்டினம், சனம் விரும்பித்தான் போகுதா எண்டு பாக்க ஐ.நா.வை விட்டதே பிறகுதான். கொலையை ஆர் செய்தது, தண்டனை ஆருக்கு எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை. இந்தியாவில அகதிகளுக்கெண்டு ஒரு சட்டமே இல்லாதபடியா எல்லாம் அரசாங்க உத்தரவில ஓடுது, குடுக்கிறதும் உத்தரவு பறிக்கிறதும் உத்தரவு. 2015 ஜனவரி 9க்கு முதல் வந்து பதிஞ்ச இலங்கைத் தமிழருக்கு பாஸ்போட் விசா இல்லாததுக்கு வழக்கு இல்லை எண்டு 2025ல தான் ஒரு விலக்கு வந்தது. அதுவும் குடியுரிமை இல்லை.


தூத்தல்_மழை:

வடலி அண்ணா 86, 87 விஷயம் எனக்குத் தெரியாது, ரொம்ப நன்றி. ஒரே பிரதமர் ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டு விதமா நடந்தது யோசிக்க வைக்குது.

சுள்ளுனு ப்ரோ சொன்ன டென்மார்க் மேட்டர் மேல யாராவது பேசுங்களேன். அப்புறம் ஆஸ்திரேலியா. அவங்க படகுகள நிறுத்திட்டாங்கதானே? கொடூரமா இருந்தாலும் "வேலை செஞ்சுது"ன்னு சொல்றவங்களுக்கு என்ன பதில்?


ஜன்னலோர_சீட்டு:

படகு நின்னுச்சு, அத மறுக்க முடியாது. ஆனா எப்படி நின்னுச்சு, என்ன விலைன்னு பாக்கணும்.

2001 ஆகஸ்ட்ல டாம்பாங்குற நார்வே சரக்குக் கப்பல் மூழ்குற படகுலேர்ந்து 433 பேரக் காப்பாத்துச்சு, முக்கால்வாசிப் பேர் ஆப்கானியர்கள். ஆஸ்திரேலியா கப்பல உள்ள விடாம ராணுவத்த ஏத்துச்சு. அடுத்து செப்டம்பர் 11, நவம்பர்ல தேர்தல், யார் வரணும்னு நாங்கதான் முடிவு பண்ணுவோம்னு பிரதமர் ஹோவர்ட் சொல்லி ஜெயிச்சார். அந்த வாக்கியம்தான் இன்னைக்கு வரைக்கும் எல்லா நாட்டு அரசியல்வாதியும் காப்பி அடிக்கிறது. அப்புறம் நவ்ரு, மானுஸ் தீவுன்னு அடுத்த நாட்டுல அடைச்சு வெக்கிறது, நடுவுல ஒரு தடவ மூடி திரும்பத் தொறந்து, 2013ல ரெண்டு பெரிய கட்சியும் போட்டி போட்டுக் கடுமையாக்குனாங்க. படகுல வந்தா ஜென்மத்துக்கும் ஆஸ்திரேலியாவுல குடியேற முடியாதுன்னு 2013 ஜூலைல சொன்னது லேபர் பிரதமர் ரட். செப்டம்பர்ல வந்த அடுத்த அரசு கடற்படைய விட்டு படகுகள நடுக்கடல்லயே திருப்புச்சு. நிஜமா நிறுத்துனது இந்தத் திருப்பி அனுப்புறதுதான், தீவுச் சிறைய விட அதுக்குத்தான் பங்கு அதிகம்னு நிறைய ஆய்வாளர்கள் சொல்றாங்க. இந்தோனேசியாவுக்கும் அவங்களுக்கும் நடுவுல பெருங்கடல் இருக்கு, அதனால முடிஞ்சுது. கிரீஸ் தீவுலேர்ந்து துருக்கி கண்ணுக்கே தெரியும், அங்க இத எப்படிச் செய்வீங்க? மானுஸ்ல அடைச்சது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு அந்தத் தீவு இருக்குற பப்புவா நியூகினியோட உச்ச நீதிமன்றமே 2016ல சொல்லிருச்சு. அதுக்குள்ள அங்க இருந்தவங்களுக்கு மூணு வருஷம் போயிருச்சு.

நான் முக்கியமா நினைக்கிறது இது. அதே 2015ல, படகுகளத் திருப்புன அதே அரசாங்கம், சிரியா ஈராக்லேர்ந்து கூடுதலா 12,000 அகதிகள விமானத்துல கொண்டு வர்றோம்னு அறிவிச்சுது. பெருசா எதிர்ப்பே இல்ல! ஆக மக்களுக்கு அகதின்னாலே ஆகாதுன்னு இல்ல. யாரு வர்றா எத்தன பேரு வர்றான்னு நம்ம கைல ஒரு பிடி இருக்குதுன்னு தோணுச்சுன்னா விட்டுடுறாங்க. நடுநிசி சொன்னதுக்கும் சுள்ளுனு சொன்னதுக்கும் இதுல எடம் இருக்கு.

ஆனா அந்தப் பிடி ஒரு காட்சியா மட்டும் இருந்தா என்னாகும்னு ருவாண்டா திட்டத்தப் பாருங்க. படகுல வர்றவங்கள ருவாண்டாவுக்கு அனுப்பிடுவோம்னு 2022 ஏப்ரல்ல பிரிட்டன் அறிவிச்சுது, 2023 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம்னு சொல்லிச்சு, உடனே ருவாண்டா பாதுகாப்பான நாடுதான்னு தனியா ஒரு சட்டமே போட்டாங்க, ஆட்சி மாறுனதும் குப்பைல போட்டாங்க. 70 கோடி பவுண்ட் செலவு, போனது நாலு பேரு, அவங்களும் விருப்பப்பட்டுப் போனவங்க.

டென்மார்க்குக்கு வர்றேன். சுள்ளுனு, நீங்க சொன்ன 2.6 சரிதான், ஆனா 2022ல டென்மார்க் டெமாக்ரட்ஸ்னு புதுசா ஒரு கட்சி 8.1 வாங்குச்சே, நியூ ரைட் 3.7 வாங்குச்சே, அந்த ஓட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? கொஞ்சம் குறைஞ்சது நிஜம், கரையல. அப்புறம் 2016ல அவங்க போட்ட நகைச் சட்டம், அடைக்கலம் கேட்டு வர்றவன்கிட்ட 10,000 குரோனருக்கு மேல பணமோ பொருளோ இருந்தா செலவுக்குப் பிடிச்சுக்கலாம்னு. 2022ல உக்ரைன்காரங்க வந்தப்ப அவங்களுக்கு மட்டும் அதுலேர்ந்து விலக்கு குடுத்தாங்க. சட்டம் பணத்துக்காகவே இல்லைங்கறது அதுலயே தெரிஞ்சு போச்சு, வர்றவன பயமுறுத்த எழுதுனது, அதுவும் எல்லாரையும் இல்ல.


சுள்ளுனு_சொல்வேன்:

விலக்கு விஷயம் நியாயமான அடி, வாங்கிக்கிறேன். ஆனா ஜெர்மனில மெர்ஸோட கன்சர்வேடிவ் கட்சி 2025 ஜனவரில ஏஎஃப்டி ஓட்டோட சேந்து தீர்மானம் போட்டாங்க, கடுமையா பேசுனாங்க, அப்படியும் அடுத்த மாசம் தேர்தல்ல ஏஎஃப்டி ஓட்டு 2021 தேர்தல விட இரட்டிப்பு ஆச்சுன்னு நீங்க சொல்ல வருவீங்க, அதுக்கு என் பதில், பத்து வருஷம் லேட்டா பேசுனா அப்படித்தான் ஆகும், ஒரிஜினல் இருக்கும்போது நகல யாரு வாங்குவா.

இன்னொரு விஷயம், உக்ரைன்காரங்களுக்கு எல்லா வசதியும் பண்ணிக் குடுத்தாங்க, முகாம் இல்ல, வேலை உரிமை இருந்துச்சு. ஆனா போலந்துல இப்ப நிலைமை என்ன? 2025 ஆகஸ்ட்ல புது ஜனாதிபதி நவ்ரோட்ஸ்கி அவங்களோட உதவித்தொகைய நீட்டிக்கிற சட்டத்த வீட்டோ பண்ணாரு, வேலை பாக்குற உக்ரைன்காரங்களுக்கு மட்டும் குடுங்கன்னு. நிறம் ஒன்னு, மதம் ஒன்னு, பொது எதிரி ரஷ்யா. மூணரை வருஷத்துல சலிச்சுப் போச்சு. எந்தக் கொள்கை போட்டாலும் நாள் ஆக ஆக மனுஷனுக்கு அலுப்பு வரத்தான் செய்யும்.


நடுநிசி_வாசகன்:

சுள்ளுனு, போலந்து பத்தி சொன்னது உண்மை. ஆனா கவனிங்க, அந்த எதிர்ப்புலயும் கேக்குறது "வேலை பாக்குறவனுக்குக் குடு"ன்னுதான். நான் சொன்ன அந்தக் கணக்குதான் அது. அங்க பெரும்பாலான உக்ரைன்காரங்க வேலை பாக்குறதாலதான் வெளிய போங்குற கோஷம் அரசாங்கக் கொள்கையா மாறாம இருக்கு. மாறாதுன்னு நான் ஜோசியம் சொல்லல.

கனடா உதாரணத்துக்கும் பதில் சொல்லிடுறேன், அங்க எண்ணிக்கைதான் காரணம்னு ஒத்துக்குறேன், ஆனா வீடு கட்டாம காலேஜுக்கு ஃபீஸ் வாங்க விசா குடுத்தது யார் முடிவு? ஓட்டுப் போட்டவங்ககிட்ட கேட்டாங்களா?

துருக்கியப் பத்தி யாருமே பேசல. ஒரு கட்டத்துல 36 லட்சம் சிரியாக்காரங்க அங்க இருந்தாங்க, மொத்த ஐரோப்பிய யூனியன விட அதிகம். துருக்கி 1951 ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுச்சு, ஆனா ஐரோப்பாலேர்ந்து வர்றவனுக்கு மட்டும்தான் முழு அகதி அந்தஸ்துங்கற பழைய நிபந்தனைய இன்னும் விடல, அதனால சிரியாக்காரங்களுக்கு "தற்காலிகம்"னு ஒரு கார்டு. 2016 மார்ச்ல ஐரோப்பா 600 கோடி யூரோ தர்றேன் நீ தடுத்து வெச்சுக்கோன்னு ஒப்பந்தம் போட்டுச்சு. 2023 தேர்தல்ல ரெண்டு பக்கமும் சிரியாக்காரங்கள அனுப்புவோம்னுதான் வாக்குறுதி, எதிர்க்கட்சிக்காரர் இரண்டாம் சுற்றுல அதையே போஸ்டரா ஒட்டுனார். 2024 ஜூன் கடைசில கைசேரி ஊர்ல சிரியாக்காரங்க கடைகள எரிச்சாங்க. கோவத்த ஐரோப்பாவுலேர்ந்து எடுத்து பக்கத்து நாட்டுக்கு அனுப்புனா அங்க போய் எரியுது, அவ்ளோதான்.


ஜன்னலோர_சீட்டு:

அதான். உலக அகதிகள்ல மூணுல ரெண்டு பங்கு பக்கத்து நாட்டுலயேதான் இருக்காங்க, நாலுல மூணு பங்கு வரைக்கும் ஏழை, நடுத்தர நாடுகள்ல. ஐ.நா. அகதிகள் ஆணையத்தோட 2024 வருஷக் கடைசிக் கணக்கு. உகாண்டால 2006 சட்டப்படி அகதிக்கு வேலை பாக்கலாம், எங்க வேணாலும் போலாம், குடியேற்றப் பகுதில தங்குனா கொஞ்சம் நிலமும் குடுக்குறாங்க, 2024 கடைசில 17, 18 லட்சம் பேர் இருந்தாங்க. கொலம்பியா 2021ல வெனிசுலாக்காரங்களுக்கு பத்து வருஷ அனுமதிய ஒரே அறிவிப்புல குடுத்துச்சு. அங்கயும் முணுமுணுப்பு இருக்கு, உகாண்டால நிவாரண ரேஷன் வெட்டப்பட்டதுலேர்ந்து நிலத்துக்கும் விறகுக்கும் ஊர்க்காரங்களோட சண்டை கூடியிருக்கு. பணக்கார நாடு நிதிய வெட்டுனதால வந்த சண்டை இது, அங்க இருக்குறவங்க மனசு கெட்டுப் போனதால இல்ல.


வடலி:

உகண்டாவில 72ல இடி அமீன் ஆசிய ஆக்களைக் கலைச்சவர், இண்டைக்கு அதே நாடு இப்பிடி நிக்குது, பாருங்கோ.

தூத்தல் தம்பி, நீங்கள் கேட்டதுக்கு என்ர பக்கத்தால ஒரே ஒண்டுதான் சொல்லலாம். அகதி வழக்குக்கு முடிவு கெதியா வரோணும், ஓம் எண்டாலும் சரி இல்லை எண்டாலும் சரி. வேலை செய்யவும் விடோணும். வழக்கு இழுபட்டு இழுபட்டுக் கிடக்கிற காலத்திலதான் ஆம்பிளையள் குடியில விழுறது, பெண்டுகள் வருத்தக்காரர் ஆகிறது, ஊர்ச்சனமும் அதைத்தான் காணுது. அந்தக் காலத்தைக் கடந்து வந்த ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ, குண்டு விழுந்ததை விட லெட்டருக்குக் காத்திருந்ததைத்தான் கனநேரம் சொல்லுவினம்.


தூத்தல்_மழை:

அண்ணா வேலை செய்ய விட்டா அதுக்காகவே இன்னும் நிறைய பேர் வருவாங்கன்னு அரசாங்கங்க சொல்றாங்களே?


நடுநிசி_வாசகன்:

பிரிட்டன்ல அதத்தான் காரணமா சொல்றாங்க, அப்படி வந்தாங்கன்னு காட்ட உருப்படியான ஆதாரம் கிடைக்கல. வர்றவங்க பெரும்பாலும் சொந்தக்காரங்க இருக்குற எடம், மொழி தெரிஞ்ச எடம், ஏஜென்ட் சொல்ற எடம்னுதான் வர்றாங்க, வேலைச் சட்டத்தப் படிச்சுட்டுப் படகுல ஏறுறவங்க கம்மி. ஐரோப்பிய யூனியன்ல இதுவரைக்கும் 9 மாசத்துக்குள்ள வேலைக்கு விடணும்னு இருந்துச்சு, 2024ல போட்ட புது விதில அத 6 மாசமா குறைச்சிருக்காங்க. அதே பேக்கேஜ்ல எல்லையிலயே அடைச்சு வெச்சு வேகமா மனுவ முடிக்கிறதும் இருக்கு, அகதிகளப் பங்கு போட்டுக்க விரும்பாத நாடு ஆளுக்கு 20,000 யூரோ கட்டலாம்ங்குற ஏற்பாடும் இருக்கு. 2026 ஜூன்லேர்ந்து நடைமுறை. ஹங்கேரி மாட்டவே மாட்டேன்னு சொல்லிட்டு இருந்துச்சு. பழைய விதிய மீறுனதுக்கே ஐரோப்பிய நீதிமன்றம் 2024ல 20 கோடி யூரோ அபராதமும் அதுக்கு மேல நாளுக்கு 10 லட்சமும் போட்டுச்சு, அதக் கட்டாம யூனியன் தர்ற நிதிலேர்ந்து பிடிச்சுக்கோங்கற மாதிரி இருந்தாங்க.


சுள்ளுனு_சொல்வேன்:

வேகமா முடிவு, வேலை உரிமை, இந்த ரெண்டுக்கும் என் ஓட்டும் உண்டு. ஆனா "இல்ல"ன்னு முடிவு வந்தவன நிஜமாவே திருப்பி அனுப்பணும், அதுலதான் எல்லா நாடும் கோட்ட விடுது, சொந்த நாடு பேப்பர் குடுக்காது, கோர்ட்ல மேல்முறையீடு, அப்படியே வருஷம் ஓடிரும். அதுக்கு உங்ககிட்ட என்ன வழி இருக்கு நடுநிசி சார்?


நடுநிசி_வாசகன்:

எல்லாருக்கும் பொருந்துற வழி ஒன்னும் இல்ல. பலவந்தமா அனுப்புறத விட, திரும்பிப் போக டிக்கெட்டும் கொஞ்சம் பணமும் குடுத்துப் போறவங்க நிறைய, அது செலவும் கம்மி. நாடு எடுத்துக்காத கேஸ்ல, எத்தன வருஷம் ஆனா அவனுக்கு ஒரு அந்தஸ்து குடுக்கணும்னு சட்டத்துல ஒரு கோடு போட்டே ஆகணும். ஜெர்மனில டூல்டுங்னு ஒன்னு இருக்கு, வெளியேத்துறத மட்டும் தள்ளி வெச்சிருக்கோம்னு அர்த்தம், அதுலயே வருஷக்கணக்குல கெடந்தவங்க இருந்தாங்க. 2022 அக்டோபர் கணக்குக்கு அஞ்சு வருஷம் இருந்தவங்களுக்கு ஒன்னரை வருஷம் டைம் குடுத்து, வேலையும் மொழியும் காட்டுனா தங்கலாம்னு ஒரு வாய்ப்பு தந்தாங்க. ஏஎஃப்டி கத்துச்சு. ஆனா அந்த ஆளுங்க ஏற்கனவே எங்கயும் போகாம அங்கதான் இருந்தாங்க, இனிமேலும் அங்கதான் இருந்திருப்பாங்க. இப்ப வேலை கிடைச்சவங்க வரி கட்டுறாங்க.